கோர்ட்டு அண்ணன் விசாரித்த கியர் வழக்கு

ஈப்போவில் நிரபராதியான ஒரு நட்டைக்கூட இதுவரை தண்டிக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நான்காவது வரிசையின் கோடி வீடு அவருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். தபால்காரருக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் கோர்ட்டு அண்ணன்.

அவர் வக்கீல் இல்லை. நீதிபதியும் இல்லை. நீதிமன்றத்தில் கதவு திறந்துவிடும் பணியாளர். நீதிபதி உள்ளே வரும்போது “பாங்குன்” என்று குரல் கொடுப்பது அவர் வேலை. அந்த ஒரு மலாய்ச் சொல்லுக்கு வக்கீல், போலீஸ், திருடன் என்று அறையிலுள்ள அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். இருபத்திரண்டு வருடங்களாக ஊரையே எழுப்பி நிற்க வைத்த பிறகு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மனிதரால் எப்படி முடியும்? கார் இல்லாத தன் கார் நிறுத்துமிடத்தில் அவர் சைக்கிள் பழுது பார்க்கத் தொடங்கினார்.

பழுது பார்க்கிறார் என்று நான் எழுதியது தெரிந்தால் கோபித்துக்கொள்வார். அவர் விசாரிக்கிறார். அலுவலக வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றுவதில்லை. சப்பாத்தை மட்டும் கழற்றி வைப்பார். தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு செம்பனை நட்ட காலத்தில், பால் பிடிக்கும் மங்குகளைக் குவியல் குவியலாக வீசினார்களாம். அவர் நாற்பது மங்குகளைப் பொறுக்கி வந்து வரிசையாக வைத்திருக்கிறார். கழற்றும் ஒவ்வொரு திருகாணியும் தனித்தனி மங்குக்குள் போகும். ஏன் தனித்தனி என்று நான் ஒருமுறை கேட்டேன். “சாட்சிங்கள ஒண்ணா உட்கார வெச்சா பேசி வெச்சிக்கும் லா” என்றார். சிரிக்கவில்லை.

மங்குகளுக்கு எதிரே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் யாரும் உட்காரக் கூடாது. அது யாங் ஆரிஃபுக்கு, அதாவது கனம் நீதிபதிக்கு. காலி நாற்காலியைப் பார்த்து அவர் தலை குனிந்து, “பாங்குன்” என்பார். வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்காதவரின் சைக்கிளை அவர் தொட்டதில்லை.

அவருடைய சட்டம் எளிமையானது. பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது அந்தப் பாகத்துக்குத் தூக்குத் தண்டனை. குற்றம் நிரூபணமாகாமல் தூக்கு கிடையாது. நிரூபணமாகிவிட்டால், குற்றவாளியின் பெயரை மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி உரக்க அறிவிப்பார். அதில் ஆள், உறவு, அந்தஸ்து எதுவும் பார்க்க மாட்டார்.

தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவரின் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் ‘கிறீச் கிறீச்’ என்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு கடைகளில் பெடலையும் செயினையும் இருக்கையையும் மாற்றிவிட்டு, கடைசியில் இங்கே வந்தார். கோர்ட்டு அண்ணன் வாத்தியாரை ஓட்டச் சொன்னார். கத்தியது. தன் மனைவியை ஓட்டச் சொன்னார். கத்தவில்லை. பிறகு வாத்தியாரைச் சைக்கிள் இல்லாமல் தெரு முனை வரை நடந்து வரச் சொன்னார். கிறீச் கிறீச். சைக்கிள் அந்த நிமிடமே விடுதலை ஆனது. வாத்தியாரின் இடது சப்பாத்து மூன்று நாள் காவலில் வைக்கப்பட்டது. பாவம், அவர் வெறுங்காலோடு மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வரிசை சீனத்துப் பெரியவர் ஒருவரின் சைக்கிளில் மழை நாளில் மட்டும் பிரேக் அலறும். அவர் அதைக் கொண்டுவந்து விட்ட நாள் முதல் மழையே இல்லை. சாட்சி வாய் திறக்காமல் தீர்ப்பு எப்படி என்று கோர்ட்டு அண்ணன் எட்டு நாள் வானத்தைப் பார்த்தார். பெரியவர் தினமும் காலையில் பாசாருக்கு நடந்து போகும் வழியில் நின்று, தன் சைக்கிளுக்கு எப்போது விடுதலை என்று கேட்டுவிட்டுப் போவார். ஒன்பதாம் நாள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியோடு கோர்ட்டு அண்ணன் சைக்கிளுக்கு மேல் தானே மழையாகப் பொழிந்தார். பிரேக் அலறியது. பிரேக் கட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தார்த் துளிதான் குற்றவாளி. தெருவே கேட்க அறிவித்தார்.

இந்த முறையை ஒருநாள் சமையலறைக்கும் கொண்டுபோனார். கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்ததாம். உப்பு, புளி, கருவாடு மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுபவர், அமைதியாகப் பேசும் பெண். விசாரணை முடியும்வரை இந்தக் கோர்ட்டுக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முதல் சமையலறை அவருடைய நீதி எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம் என் சைக்கிளைக் கொண்டுபோகக் கூடாது என்றுதான் நான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளியை முழுதாக முடித்தவள் நான். அதோடு நிற்காமல் இயந்திரப் பொறியியலில் பட்டமும் வாங்கினேன். ஒரு தொழிற்சாலையில் என் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான இயந்திரங்கள் என் பேச்சைக் கேட்கின்றன. ஒரு சைக்கிளுக்காக நான் காலி நாற்காலிக்கு முன்னால் எழுந்து நிற்பதா?

சைக்கிள் என்றால் சாதாரணச் சைக்கிள் இல்லை. என் வயதைவிட மூத்த, ஜப்பானில் செய்த இரும்புப் பந்தயச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் பார்த்ததும் விடாமல் வாங்கிவிட்டேன். இப்போதைய சைக்கிள்களில் கியர் மாற்றும் பொத்தான் கைப்பிடியிலேயே இருக்கும். இதில் அப்படி இல்லை. முன்னாலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு இரண்டு லீவர்கள் இருக்கும். ஓட்டிக்கொண்டே குனிந்து, விரலால் தள்ள வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும்.

என்னுடையதில் வலது லீவர், பின்சக்கர கியரை மாற்றுவது, சிமெண்டில் நட்டது போல நின்றது. ஒரு கையால் தள்ள முடியாது. இறங்கி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் தள்ள வேண்டும்.

எங்கள் தாமானில் ஒரு சைக்கிள் குழு உண்டு. பதினோரு ஆண்கள். அதில் சேர ஒரு பரீட்சை: தாப்பா ஊரிலிருந்து மலைப் பாதையில் ஏறி, அருவிக் கடைகள் வரை, கால் தரையில் படாமல் போய்ச் சேர வேண்டும். மூன்று தடவை முயலலாம். மூன்றிலும் தோற்றால் அப்புறம் கேட்கவே கூடாது. நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன். என் தொடையில் பலம் இருந்தது, மூச்சு இருந்தது. மேட்டில் கியர் மாற்றத்தான் முடியவில்லை. இரண்டு தடவையும் சாலை ஓரத்தில் நின்று லீவரோடு மல்லுக்கட்டினேன். குழுத் தலைவர் கெட்டவர் இல்லை. “இந்தக் கெழட்டுச் சைக்கிள வித்துட்டு புதுசு வாங்கு லா, அமோய்” என்று, சின்னப் பெண்ணைக் கூப்பிடும் சீனச் சொல்லோடு, இரண்டாவது தடவை ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதல்தான் தாங்க முடியவில்லை. இதே சைக்கிளில் ஏறுவேன் என்று பதினோரு பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் குறித்திருந்தது.

அதற்குள் ஒரு பொறியியல் பட்டதாரி செய்யக்கூடிய எல்லாவற்றையும் நான் செய்திருந்தேன். லீவரைக் கழற்றித் துடைத்தேன். திருகாணியைத் தளர்த்தினேன், தளர்த்தினால் கியர் தானாக நழுவியது. இறுக்கினேன்; இன்னும் மோசம். கேபிளில் எண்ணெய் அடித்தேன். அது போதாதென்று இன்னும் எண்ணெய் அடித்தேன். ஒரு ஞாயிறு கேபிளையே மாற்றினேன். ஐந்து நாள் வெண்ணெய். சனிக்கிழமை காலையில் மறுபடியும் சிமெண்ட். கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, புது ரக கியரே மாட்டிவிடலாம் என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம், பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோடி வீட்டுக்குப் போனேன்.

“என்னா தங்கச்சி, என்னா புகார்?”

“கியர் இறுக்கமா இருக்குண்ணே.”

“கியர்னா? அங்க ஒரு கூட்டமே இருக்கு. யாரு இறுக்கமா இருக்கா?”

நான்கு வருடப் படிப்பில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அப்போதுதான் என் அம்மா வந்தார். மகள் சாயங்கால நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கேயோ போகிறாளே, யார் வீடு, எப்படிப்பட்ட ஆட்கள் என்று பார்க்க வந்திருக்கிறார் என்பது அவர் கையிலிருந்த உளுந்து வடைப் பாத்திரத்திலேயே தெரிந்தது. அம்மா பத்து வயதிலேயே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வாளி தூக்கியவர். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த கால். கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு நாற்காலி.

அண்ணியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்திருக்கச் சொன்னால் அம்மா காலத்துக்கும் மறக்க மாட்டார். சொல்லாவிட்டால் கோர்ட்டு நடக்காது, ஞாயிற்றுக்கிழமை போச்சு.

கோர்ட்டு அண்ணன் அம்மாவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பிறகு கையைக் கட்டி, தலை குனிந்து, “பாங்குன்” என்றார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த நானும் அண்ணியும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றோம். இது நல்ல மரியாதைக்காரக் குடும்பம் என்று அம்மாவின் முகம் சொன்னது.

விசாரணை ஆரம்பமானது. முதலில் அவர் கருவியைத் தொடவே இல்லை. கேள்விதான். எந்தக் கிழமையில் இறுக்கம்? சனிக்கிழமைதான் மோசம் என்றேன். புதுக் கேபிள் எந்தக் கிழமை போட்டது? ஞாயிறு. எதுவரை நன்றாக இருந்தது? வெள்ளி வரை. வெள்ளிக்கிழமை ராத்திரி சைக்கிள் எங்கே இருந்தது? வீட்டுக்குள், சாமி அறைக்குப் பக்கத்தில். மழையில் நனைந்ததா? இல்லை. அவர் ஒவ்வொன்றையும் மனதில் மடித்து வைப்பது போலத் தலையாட்டினார்.

பிறகு பின்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து, செயினை இந்தப் பல்சக்கரத்திலிருந்து அந்தப் பல்சக்கரத்துக்குத் தள்ளும் இரும்புக் கையிலிருந்தும் லீவரிலிருந்தும் கேபிளைக் கழற்றினார். கேபிள் மாற்றிய அன்று நானும் கழற்றினேன், தனித்தனியாகச் சோதிக்கத்தான் தோன்றவில்லை. நான் இத்தனை நாளும் செய்யாதது அந்த ஒன்றுதான். கூட்டாளிகளைப் பிரிப்பது.

“இப்ப லீவரத் தள்ளு.”

ஒரு விரலால் தள்ளினேன். ஓடியது.

“லீவர் விடுதலை” என்று அம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னார். “எழுதிக்கோங்க, யாங் ஆரிஃப்.” அம்மா ஒன்றும் புரியாமல், பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

அடுத்து அந்த இரும்புக் கையை விரலால் உள்ளே தள்ளிவிட்டார். சொடுக்கென்று திரும்பி வந்தது. துருவில்லை, முனகலில்லை. அதுவும் விடுதலை. கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் நிரபராதிகள் இரண்டு பேரையும் நான் குப்பையில் போட்டிருப்பேன். என் காது சூடானது.

மிச்சம் இருந்தது கேபிளும் அது போகும் பாதையும். லீவரிலிருந்து பெடலுக்கு அடி வரை கேபிள் வெறுமனே ஓடும். அங்கே ஒரு சிறு பள்ளத்தில் வளைந்து பின்னால் போகும். கடைசியில் ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு உறைக்குழாய்க்குள் நுழைந்து கியருக்குப் போய்ச் சேரும். அவர் கேபிளின் நுனியை என் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுக்கச் சொன்னார்.

“என்னா தெரியுது?”

“மணல்ல இழுக்குற மாரி இருக்குண்ணே.”

“படிச்ச புள்ள” என்றார். அதுவரை யாரும் என்னை அவ்வளவு சந்தோஷப்படுத்தும்படி பாராட்டியதில்லை.

உறைக்குழாயைத் தனியாக உருவி, வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இருட்டு. பழைய சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து மெதுவாகக் குத்தினார். மறுபக்கம் சுண்ணக்கட்டித் துண்டு போல ஒன்று உள்ளங்கையில் வந்து விழுந்தது. மஞ்சள் நிறம். அதைத் தேய்த்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன்.

சந்தனம்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சைக்கிள் வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதற்குப் பூசை போடுகிறார். சனிக்கிழமை காலையில் லீவரின் வட்டமான தலையில் சந்தனப் பொட்டைப் பார்ப்பேன், துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புவேன். உறைக்குழாயின் வாயில் வெள்ளி வளையம் ஒன்று இருக்கிறது. பொட்டு வைக்கச் சொல்லிச் செய்தது போல அவ்வளவு வட்டமாக இருக்கும். அங்கேயும் அம்மா வாரம் தவறாமல் குழைத்து வைத்திருக்கிறார், மேலே பன்னீரும் தெளித்திருக்கிறார். நான் அதன் மேல் எண்ணெய் அடித்து, கேபிளை ஆட்டி, உள்ளே நன்றாக ஏற்றியிருக்கிறேன். சந்தனம் அரைக்கக் கல் வேண்டாம், என் சைக்கிளே போதும் என்பது போல.

கோர்ட்டு அண்ணன் எழுந்து நின்றார். குற்றவாளியை அறிவிக்கும் நேரம். வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் சொந்த மச்சானின் சைக்கிளைப் பார்த்துவிட்டு, குற்றவாளி மச்சானின் எடைதான் என்று மச்சான் குடும்பத்துக்கு எதிரிலேயே அறிவித்தவர். அவரைத் தடுக்க ஓர் அடி எடுத்து வைத்தேன். லீவர் இறுகிய காரணத்தால் இரண்டு தடவை நான் தோற்று வந்ததும், இரண்டு தடவையும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா அதே நேரத்தில் அண்ணியிடம் வடையைக் கொடுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“மலைப் பாதை, பெரிய பெரிய லோரி வருது. பொம்பளப் புள்ள, தனியா போவுது. இவ படிச்ச படிப்பு எனக்குத் தெரியாது, இந்த சைக்கிளும் தெரியாது. வெள்ளிக்கெழம ஒரு பொட்டு வெச்சி விடுறேன். நான் கூட போவ முடியாது, அதாச்சும் போவட்டுமேன்னு.”

கோர்ட்டு அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. உள்ளங்கையில் இருந்த மஞ்சள் துண்டை அவர் மெல்ல மூடினார். இருபத்திரண்டு வருடம் நேராக நின்ற முதுகு கொஞ்சம் வளைந்தது போல இருந்தது எனக்கு.

“குற்றவாளி,” என்றார், வழக்கத்தைவிட உரக்க, “எண்ணெய்.”

“அண்ணே, அது வந்து...”

“குற்றவாளி பக்கத்து ஆளு பேசக் கூடாது. கண்டபடி எண்ணெய அடிச்சி அடிச்சி ரோட்டுத் தூசியெல்லாம் புடிச்சி வெச்சிருக்கு. இன்ஜினியரம்மா கை வேல. தண்டனை, புது உறைக்குழாய் ஒண்ணு. ஒரு மாசத்துக்கு எண்ணெய் போத்தலத் தொடக் கூடாது.”

அம்மா என்னை முறைத்தார். “எதையும் அளவா செய்யத் தெரியாது இதுக்கு. தலைக்கும் இப்படித்தான் ஊத்திக்கும்” என்று அண்ணியிடம் முறையிட்டார். பொய்யான தீர்ப்பு என்று என்னால் அவ்வளவு எளிதில் சொல்லவும் முடியாது. பாதி உண்மை அதில் இருந்தது.

பெடலுக்கு அடியிலிருந்த பள்ளத்தில் காய்ந்து கிடந்த மஞ்சளையும் அம்மா பார்க்காதபோது சுரண்டித் துடைத்தார். புது உறையை அளந்து வெட்டினார், நசுங்கிய நுனியை அரத்தால் நேராக்கினார், கேபிளைக் கோர்த்து முடுக்கினார். ஒவ்வொரு மங்கும் காலியானது. லீவரை நான் ஒரு விரலால் தள்ளினேன். செயின் ஒவ்வொரு பல்சக்கரமாகத் தாவி ஏறியது. சத்தமே இல்லை.

ஆனால் வேலை முடியவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. அதற்கு மறுநாளுக்கு மறுநாள் மலை. அம்மா கையில் சந்தனக் கிண்ணம் எடுத்தால் நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். வைக்காதே என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோர்ட்டு அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சிவப்பு நாற்காலிக்கு முன்னால் பணிவாக நின்றார்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? வெள்ளிக்கெழம பொட்டு எங்க வைக்கிறீங்க?”

அம்மா எழுந்து வந்து லீவரைக் காட்டினார். அந்த வெள்ளி வளையத்தையும் காட்டினார்.

“அலாமாக். அக்கா, இது சைக்கிளோட முட்டி. அது கணுக்காலு. சாமி காரியம், காலுல போயி வைக்கலாமா?”

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயோ, தெரியாம செஞ்சிட்டேன் தம்பி. அப்ப நெத்தி எங்க இருக்கு?”

அவர் சைக்கிளின் முன்பக்கம் போனார். கைப்பிடிக்குக் கீழே, கம்பெனி முத்திரை எப்போதோ விழுந்துபோன இடத்தில், உள்ளங்கை அளவுக்கு வெறும் இரும்பு இருந்தது. கேபிள் இல்லை, திருகாணி இல்லை, எதுவும் அசையாது. சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையால் அதைத் துடைத்தார். அந்த வெள்ளைக் கைக்குட்டையில் கறை பட்டதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“இதான் நெத்தி. மலை ஏறும்போது மொதல்ல போறது இதான். எவ்வளவு பெரிசா வேணும்னாலும் வைங்க.”

ஞாயிறு காலை தாப்பாவில் பதினோரு பேர் சைக்கிளும், ஒரு வடை அளவுச் சந்தனம் நெற்றியில் அப்பிய என் சைக்கிளும் புறப்பட்டன. ஒருவர் சிரித்தார். நான் குனிந்து லீவரைத் தொட்டேன். வளைவு வந்தது, ஒரு விரல். மேடு வந்தது, ஒரு விரல். முன்பு இரண்டு தடவையும் நான் காலை ஊன்றிய இடம் வந்தது. ஒரு கனத்த லாரி உறுமிக்கொண்டு பக்கத்தில் ஏறியது. எனக்குத் தொடை எரிந்தது, பயமாகவும் இருந்தது. கியரை இன்னும் ஒரு பல் இலகுவாக்கினேன், அது போய் உட்கார்ந்தது, நான் போய்க்கொண்டே இருந்தேன். அருவிக் கடைகளில் நான் ஒன்பதாவதாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் மூன்று புதுச் சைக்கிள்கள் வந்தன. தலைவர் என் லீவரைத் தொட்டுப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், திருப்பித் தள்ளிப் பார்த்தார். பிறகு, “சரி லா. சட்டை சைஸ் என்னா, சொல்லு” என்றார். குழுவின் பச்சைச் சட்டைக்கு அளவு கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சாயங்காலம் நேராகக் கோடி வீட்டுக்குத்தான் போனேன். கோர்ட்டு அண்ணன் வாழ்த்தவில்லை. எத்தனாவதாக வந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. லீவர் எத்தனை தடவை தள்ளினேன், எங்கேயாவது தயங்கியதா, கேபிள் தொய்ந்ததா என்று மட்டும் கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டார். வெள்ளிக்கிழமை நெற்றியில் வைத்த பொட்டு போதாதென்று ஞாயிறு காலையும் மேலே அப்பிவிட்டார் என்றேன். சிரித்தார். காலி மங்கு ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

“பொய் சாட்சி எத்தன பேரப் பாத்திருக்கேன் தங்கச்சி, இத்தன வருஷத்துல. சர்வ சாதாரணமா சொல்லிட்டுப் போவானுங்க. சொல்றது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாது.”

நான் ஏதாவது சொல்வதற்குள் எழுந்துவிட்டார். “சரி, வழக்கு முடிஞ்சிருச்சு. கோப்ப மூடியாச்சு. சைக்கிள் சுத்தமா இருக்கு, நீ இனி இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்ல” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு என் சைக்கிளில் உண்மையான கோளாறு எதுவும் வந்ததில்லை. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு திருகாணியை நானே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன். பொய் வழக்கு என்று முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்றையும் இதுவரை அவர் தள்ளுபடி செய்ததில்லை.